நான்கு மடங்கு

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் பாய்லர் ஃபேன் மோட்டார் அடுத்தடுத்து இரண்டு முறை எரிந்தது. இரண்டு முறையும் அதை எரித்தவன் நான். பழியைச் சுமந்தவர் கோவையில் சின்னதாக ஒரு கடை வைத்து மோட்டார் ரீவைண்டிங் செய்துகொண்டிருந்தவர். பழி அவர்மேல் விழுந்தது என்று எழுதத்தான் முதலில் கை போனது. தானாக விழவில்லை. நான் தூக்கிப் போட்டேன்.

1990-களின் கடைசியில் நடந்தது. அப்போது நான் ஃபேன், புளோயர், டஸ்ட் கலெக்டர் செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் எஞ்சினியர். பெயர்தான் டிசைன். வரைபடம் போடுவது, மோட்டார் தேர்ந்தெடுப்பது, சைட்டுக்குப் போய் ஓட்டிக் காட்டுவது, பணம் வராவிட்டால் போய் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். மோட்டார் எரிந்ததற்குக் காரணம் ஒரே ஓர் எண். ஃபேனுக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் நிலைமத் திருப்புத்திறன். அதை நான் நான்கில் ஒரு பங்காக எடுத்துக்கொண்டேன். ஒரு நிமிடத்துக் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். உண்மை அதைவிட மோசம். அந்த எண் எதைச் சொல்கிறது என்பதே எனக்குத் தெரியாது. தெரியாமலேயே பாலிடெக்னிக்கில் தேறினேன், பகுதிநேரமாகப் படித்து பி.இ. முடித்தேன், வேலையும் பார்த்தேன்.

சூத்திரம் தெரியாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். வளையத்துக்கு நிறை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம். தட்டுக்கு அதில் பாதி. திண்மக் கோளத்துக்கு ஐந்தில் இரண்டு. உள்ளீடற்ற கோளத்துக்கு மூன்றில் இரண்டு. கோலை நடுவில் பிடித்துச் சுழற்றினால் நிறை பெருக்கல் நீளத்தின் வர்க்கத்தில் பன்னிரண்டில் ஒன்று, முனையில் பிடித்துச் சுழற்றினால் மூன்றில் ஒன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தட்டுக்கு ஏன் பாதி, கோலுக்கு ஏன் மூன்றில் ஒன்று என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. செங்குத்து அச்சுத் தேற்றம் தட்டையான தகட்டுக்கு மட்டுமே செல்லும். அதை உருளைக்குப் போட்டு விடை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். திருத்தியவருக்கும் என் அளவுக்குத்தான் தெரிந்திருக்கும் போல.

நேர்கோட்டில் தள்ளும்போது நிறை எப்படி முரண்டு பிடிக்கிறதோ, சுழற்றும்போது இது அப்படி முரண்டு பிடிக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். சொல்வது சரி. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டதுதான் கோணல். ஒரு கிலோ இரும்பை எங்கே வைத்தாலும் ஒரு கிலோ. நிறை பொருளுக்கே சொந்தம். நிலைமத் திருப்புத்திறனும் அப்படிப் பொருளுக்கே சொந்தமான ஓர் எண், தூக்கிப் பார்த்தால் கைக்குத் தட்டுப்படுகிற கனத்தின் இன்னொரு பெயர் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். அச்சு மாறினால் எண்ணும் மாறும் என்று தேர்வுத் தாளில் எழுதுவேன். நம்பியதில்லை.

இதைக் கையால் தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பும் கிடைத்தது. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் சுவரோடு பொருத்திய பிளைவீல் ஒன்று உண்டு. அதன் அச்சில் நூலைச் சுற்றி, நுனியில் எடைக்கல்லைக் கட்டி விட வேண்டும். கல் கீழே இறங்கும்வரை எத்தனை சுற்று, நூல் கழன்று விழுந்தபிறகு சக்கரம் நிற்கும்வரை எத்தனை சுற்று, அதற்கு எத்தனை வினாடி என்று எண்ண வேண்டும். கல் இழந்த நிலை ஆற்றலில் ஒரு பங்கு கல்லின் வேகமாகிறது, ஒரு பங்கு சக்கரத்தின் சுழற்சியாகிறது, மிச்சத்தை பேரிங்கின் உராய்வு தின்கிறது. உராய்வின் பங்கைப் பிரித்தெடுக்கத்தான் நிற்கும்வரை எண்ணச் சொல்கிறார்கள். அழகான சோதனை. நான் செய்யவில்லை. சீனியரின் ரெக்கார்டு நோட்டில் விடை இருந்தது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, பார்த்தால் நம்பும்படி வினாடிகளைக் கொஞ்சம் முன்பின்னாக எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டேன். சக்கரத்தை ஒருமுறை வேடிக்கைக்குச் சுற்றிவிட்டதோடு சரி.

இனி அந்த ஃபேன். பாய்லர் புகையை இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ளும் ஐ.டி. ஃபேன் அது. இம்பெல்லர் 1 மீட்டர் விட்டம், 113 கிலோ. மோட்டாரோடு நேரடியாக கப்ளிங் போட்டு 1460 ஆர்.பி.எம். பட்டறைக்காரரிடம் பழைய 20 எச்.பி. மோட்டார் ஒன்று சும்மா கிடந்தது. அதையே ரீவைண்ட் செய்து போட்டுவிடலாம் என்றார். காற்றின் அளவுக்கும் அழுத்தத்துக்கும் 20 எச்.பி. போதும். அந்தக் கணக்கை ஒழுங்காகத்தான் போட்டேன்; கடைசிவரை, முழு வேகத்தில் ஓடும்போது மோட்டார் எடுத்த ஆம்பியர் அளவுக்குள்ளேயே இருந்தது. நின்ற சக்கரம் அந்த வேகத்தை எட்டும் வரைதான் பிரச்சினை.

அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று பார்க்க, பழைய மோட்டார் கேட்லாக்குகளில் ஒரு வழி கொடுத்திருப்பார்கள். ஜி.டி. ஸ்கொயரை ஆர்.பி.எம்.-ஆல் பெருக்கி, 375-ஆலும், கிலோகிராம்-மீட்டரில் எழுதிய முறுக்கு விசையாலும் வகுத்தால் வினாடிக் கணக்கு வரும். ஜி என்பது எடை. டி என்பது சுழற்சி விட்டம். சக்கரத்தின் மொத்த எடையையும் ஒரே மெல்லிய வளையமாகத் திரட்டினால், சுழற்றுவதற்கு அது முந்தைய அளவே முரண்டு பிடிக்க எந்த விட்டத்தில் இருக்க வேண்டுமோ, அந்த விட்டம். ஜெர்மன்காரர்களின் வழக்கம் இது. ஜப்பானியர்களும் வெகுகாலம் இதையே கையாண்டார்கள். பட்டறையில் வேலை செய்கிறவனுக்கு வசதியானதும்கூட, ஏனென்றால் காலிப்பர் அளப்பது விட்டத்தைத்தான், ஆரத்தை யாரும் அளப்பதில்லை. இயற்பியல் புத்தகம் ஆரத்தில் பேசுகிறது. விட்டம் ஆரத்தைப்போல் இரண்டு மடங்கு, வர்க்கம் எடுத்தால் நான்கு மடங்கு. புத்தகக் கணக்கில் 12.35 வருகிற சக்கரத்துக்கு ஜி.டி. ஸ்கொயர் 49.4.

இம்பெல்லர் வரைபடத்தின் மூலையில் 12.35 என்று இருந்தது. பக்கத்தில் கிலோகிராம்-மீட்டர் ஸ்கொயர் என்று அலகு. கேட்லாக்கிலும் கிட்டத்தட்ட அதே அலகு. அலகு பொருந்துகிறது, பிறகென்ன? தொடக்கத்தில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டார் இணைப்பில் மோட்டார் தரும் முறுக்கு விசையில் காற்றுச் சுமை போக சராசரியாக 5 கிலோகிராம்-மீட்டர் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டேன். 12.35-ஐ 1460-ஆல் பெருக்கி, 375-ஆலும் 5-ஆலும் வகுத்தேன். 9.6 வந்தது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரின் டைமரைப் பத்து வினாடிக்கு வைக்கலாம் என்று தாளில் எழுதி அடிக்கோடும் போட்டேன். 12.35 இருந்த இடத்தில் 49.4 இருந்திருக்க வேண்டும். அப்போது விடை 38 வினாடியைத் தாண்டும்.

ஓட்டிக் காட்டப் போன அன்று, பத்தாவது வினாடியில் டைமர் முழு வோல்டேஜுக்கு, அதாவது டெல்டாவுக்குத் தள்ளியபோது சக்கரம் முழு வேகத்தில் கால் பங்கில்தான் இருந்திருக்கும். 28 ஆம்பியர் மோட்டார் அது. டாங் டெஸ்டரில் முள் 160-ஐத் தாண்டி ஏறி, இறங்காமல் அங்கேயே நின்றது. ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆனது. ஆற விட்டு மறுபடி போட்டோம். மறுபடி ட்ரிப். என் பெட்டியில் டேக்கோமீட்டர் இருந்தது. அதை எடுத்து ஷாஃப்டில் வைத்திருந்தால், பத்து வினாடியில் எட்ட வேண்டிய வேகம் எட்டவில்லை என்று அங்கேயே தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதிலேயே மனம் இருந்தது.

டேம்பரை மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். புளோயர்காரர்கள் எல்லோரும் சொல்கிற கைவைத்தியம்தான். டேம்பரை மூடினால் காற்று குறையும், காற்றுச் சுமை குறையும். இரும்பு குறையாது. 113 கிலோ அப்படியேதான் இருக்கிறது, அதே தூரங்களில். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, ஆனாலும் ட்ரிப் ஆனது. அடுத்து நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "ரிலேயைக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்றேன். மோட்டாரை இந்த மாதிரி நிலையிலிருந்து காப்பாற்றத்தான் ரிலே என்று ஒன்றையே வைத்திருக்கிறார்கள். கூட்டி வைத்தார்கள். மோட்டார் உறுமிக்கொண்டே, எல்லாம் சேர்த்து இருபது வினாடி போல எடுத்து, வேகம் பிடித்தது. கைதட்டாத குறை. ஃபேன் நன்றாக இயங்குகிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த வருடங்களில் மின்தடைக்குக் குறைவில்லை. கரண்ட் போகும், ஃபேன் நிற்கும், வந்ததும் உடனே போடுவார்கள். சாயத் தொட்டியில் துணி கிடக்கும்போது யார் மோட்டார் ஆறட்டும் என்று காத்திருப்பார்கள்? இந்த அளவு மோட்டாருக்கு, ஆறியிருக்கும்போது அடுத்தடுத்து இரண்டு தடவை, சூடாக இருக்கும்போது ஒரு தடவை ஸ்டார்ட் செய்யலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. அதுவும் மோட்டாரின் சக்திக்கு உட்பட்ட சக்கரமாக இருந்தால்.

எரிந்தது.

மோட்டாரைக் கழற்றி கோவைக்குக் கொண்டுவந்தார்கள். ரீவைண்டிங் கடைக்காரர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"சார், இங்க வந்து பாருங்க. காயில் கோளாறுன்னா ஒரு எடத்துலதானுங்க வெந்திருக்கும். ஒரு பேஸ் போயிருந்தா அதுவும் தனியாத் தெரியும். இது மூணு பேஸும் ஒண்ணுபோலக் கருகியிருக்குது. ரோட்டரையும் பாருங்க, நீலம் பாஞ்சு கெடக்குது. சுத்த முடியாமச் சுத்தியிருக்குதுங்க இது."

அவர் சொன்னது முழுக்கச் சரி. மூன்று பேஸும் சமமாகக் கருகினால் அது மோட்டாருக்கு வெளியிலிருந்து வந்த சுமை. அவர் படித்தது ஆறாவதோ ஏழாவதோ. அவர் கண்ணுக்குத் தெரிந்தது எனக்கும் அப்போதே தெரிந்தது. அரைகுறையாகத் தெரிந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் "சுத்த முடியாமச் சுத்தியிருக்கு" என்றால் அடுத்த கேள்வி என் கணக்குத் தாளுக்குத்தான் வரும். "வார்னிஷ் சரியா இறங்கலைன்னாலும் இப்படி ஆகும்ணா" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். மறுபேச்சுப் பேசவில்லை. எங்கள் கம்பெனியிலிருந்து மாதாமாதம் அவருக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. காசு வாங்காமல் மறுபடி காயில் கட்டிக் கொடுத்தார். செம்பு அவர் கைக்காசு.

இரண்டாவது முறையும் எரிந்தபோது முதலாளி என்னிடம்தான் கேட்டார். இனி அந்தக் கடைக்கு வேலை கொடுக்க வேண்டாம் சார் என்றேன். அவ்வளவுதான். அப்படி ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது அவருடைய வேலை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மனசாட்சி உறுத்தி எழுப்பியது என்று எழுத ஆசைதான். பயம் எழுப்பியது. வேறொரு கடையில் காயில் கட்டி அதுவும் எரிந்தால் அடுத்தது நான்தான். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு திண்பொருளின் நிலைமத் திருப்புத்திறனை மூலையில் எழுதியிருந்த விடையைப் பார்க்காமல் கணக்கிட உட்கார்ந்தேன்.

வழிமுறை சின்னது. பொருளைத் துண்டுகளாக்கு. ஒவ்வொரு துண்டின் நிறையையும் அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கு. எல்லாவற்றையும் கூட்டு. துண்டு எண்ணற்றதாகிப் பொடியாகும்போது கூட்டல் தொகையீடு ஆகிறது, வேறொன்றும் இல்லை.

முதலில் பேக் பிளேட். 6 மில்லிமீட்டர் தகடு, 1 மீட்டர் விட்டம், 37 கிலோ. அரை மீட்டர் ஆரமுள்ள தட்டில் பாதி இரும்பு 35 சென்டிமீட்டருக்கு வெளியே கிடக்கிறது. விளிம்பை நோக்கிப் போகப் போக வளையங்கள் பெரிதாவதால் வருவது அது. தூரத்தின் வர்க்கங்களுக்குச் சராசரி எடுத்தால் ஆரத்தின் வர்க்கத்தில் சரிபாதி. வருடக்கணக்காக ஒப்பித்த அந்த "பாதி" எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 4.62. அடுத்து முன்பக்க ஷ்ரௌட், நடுவில் 60 சென்டிமீட்டர் வாய் திறந்த வளையத் தகடு, 19.7 கிலோ. வெளி ஆரம், உள் ஆரம் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டிப் பாதியாக்கி நிறையால் பெருக்க வேண்டும். 3.35. எடை பேக் பிளேட்டில் பாதிதான், ஆனால் பங்கு பாதிக்கும் நிறைய மேல். நடுவில் இரும்பு இல்லாததால் இருப்பதெல்லாம் வெளியே இருக்கிறது.

பிளேடுகளில்தான் தடுமாறினேன். 12 பிளேடு, மொத்தம் 25.9 கிலோ, 30 சென்டிமீட்டரிலிருந்து 50 சென்டிமீட்டர் வரை நீள்கின்றன. நடுவில் 40 சென்டிமீட்டரில் எல்லா நிறையும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாமா? என் பழைய புத்தி அதைத்தான் சொன்னது. கோலுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்: நிறை முழுவதும் நடுவில், தூரம் நீளத்தில் பாதி, வர்க்கம் நான்கில் ஒன்று. ஆனால் மனப்பாடப் பட்டியலில் மூன்றில் ஒன்று என்று இருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று கழித்துப் பார்த்தேன். பன்னிரண்டில் ஒன்று! அதே கோலை நடுவில் பிடித்துச் சுழற்றினால் வருகிற எண். இணை அச்சுத் தேற்றம் என்று எத்தனையோ தடவை எழுதியது இதுதானா என்று எழுந்து உட்கார்ந்தேன். முனையைப் பிடித்துக் கோலை ஒரு சுற்று சுற்றினால் கோலின் நடுப்புள்ளி ஒரு வட்டம் போடுகிறது. கூடவே கோலும் தன் நடுவைச் சுற்றி ஒருமுறை திரும்பிவிடுகிறது. இரண்டுக்கும் விலை கொடுக்க வேண்டும். நடுவில் திரட்டினால் இரண்டாவது விலை விட்டுப்போகிறது. தூரங்களின் சராசரியை வர்க்கமாக்குவதும் வர்க்கங்களின் சராசரியும் ஒன்றாக இருக்காது: 0, 1 என்ற இரு தூரங்களுக்கு முதலாவது கால், இரண்டாவது அரை. பிளேடுகளுக்கு அந்த விட்டுப்போகிற பங்கு சொற்பம். 40 சென்டிமீட்டரில் திரட்டினால் 4.14, பிளேடு தன்னளவில் பரவியிருப்பதற்கு 0.09. மொத்தம் 4.23.

கடைசியில் ஹப். வார்ப்பிரும்பு, 30 கிலோ, 10 சென்டிமீட்டர் ஆரம். தூக்கும்போது முதுகை முறிப்பது இதுதான். கணக்கில் 0.15.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மொத்த எடையில் கால் பங்குக்கு மேல் ஹப். மொத்த நிலைமத் திருப்புத்திறனில் அதற்கு நூற்றில் ஒரு பங்கு. கையில் தெரிகிற கனமும் ஷாஃப்ட் உணர்கிற கனமும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எல்லாம் கூட்டினால் 12.35. வரைபடத்தில் இருந்த அதே எண். அப்படியானால் அது ஆரத்தில் போட்ட கணக்கு. நான் விட்டத்துக்கான சூத்திரத்தில் அதைப் போட்டிருக்கிறேன்.

கணக்கு எதுவும் போடாமலேயே பிடித்திருக்கலாம் என்பதுதான் கொடுமை. 12.35-ஐ ஜி.டி. ஸ்கொயர் என்று வைத்துக்கொண்டு 113 கிலோவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.33 மீட்டர் வரும். ஒரு மீட்டர் சக்கரத்தின் மொத்த இரும்பும் 33 சென்டிமீட்டர் விட்டத்துக்குள் சுருண்டு கிடக்கிற மாதிரி என்று அதற்குப் பொருள். தகடும் பிளேடுமாக விளிம்புவரை விரிந்த சக்கரம் எப்படி அப்படி இருக்கும்? ஆரம் என்று எடுத்தால் 33 சென்டிமீட்டர் பொருந்துகிறது. சீரான தட்டாக இருந்தால் 35, ஹப் கொஞ்சம் உள்ளே இழுக்கிறது. அரை நிமிட வேலை. சக்கரத்தை மனதில் பார்த்திருந்தால் போதும்.

இன்னொரு கணக்கையும் அன்றிரவே போட்டேன். 1460-இல் சுழலும் அந்தச் சக்கரத்தில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 144 கிலோஜூல். நின்ற நிலையிலிருந்து சுமையை வேகத்துக்குக் கொண்டுவரும்போது, சுமைக்குள் போகிற ஆற்றலுக்குச் சமமான அளவு வெப்பம் ரோட்டரில் இறங்கும் என்பது இண்டக்ஷன் மோட்டாரின் இயல்பு. மெதுவாகத் தொடங்கினாலும், ஸ்டாரில் தொடங்கினாலும், அதில் தள்ளுபடி கிடையாது. காற்றுச் சுமைக்கானதும் ஸ்டேட்டர் சூடும் தனி. 144 கிலோஜூல் என்றால் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒவ்வொரு முறை கரண்ட் வந்து சுவிட்சைப் போட்டபோதும் அந்தச் சூடு ரோட்டருக்குள் இறங்கியிருக்கிறது. நீலம் பாஞ்சு கெடக்குது என்று அவர் காட்டியது இதைத்தான்.

காலையில் நேராக முதலாளி அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன் என்று இந்த இடத்தில் எழுத முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஓர் அறிக்கை எழுதினேன். சைட்டில் வோல்டேஜ் குறைவாக இருக்கிறது, அதனால் ஸ்டார்ட்டிங் டார்க் குறைகிறது, 30 எச்.பி. போடுவது நல்லது. குறைந்த வோல்டேஜில் முறுக்கு விசை குறையும் என்பது பொய்யில்லை. வோல்டேஜின் வர்க்கப்படி குறையும். அந்த சைட்டில் வோல்டேஜ் குறைவாக இருந்தது என்பதுதான் பொய். நான் அளந்தபோது 410 இருந்தது. 30 எச்.பி. மோட்டார் வந்தது, ஸ்டார்ட்டரையும் ரிலேயையும் இந்தத் தடவை ஒழுங்காகப் பொருத்தினேன், அதன்பிறகு தொந்தரவு இல்லை. புது மோட்டாரின் காசைப் பட்டறைக்காரரும் கம்பெனியும் பாதிப் பாதியாகப் போட்டார்கள். நல்ல யோசனை சொன்னதாக எனக்குப் பெயர்.

சில மாதம் கழித்துச் சாம்பல் அரித்த இம்பெல்லர் பேலன்ஸிங்குக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் ஆள் இல்லாதபோது, அதை செயின் பிளாக்கில் தூக்கி, 2 மீட்டர் நீளத்தில் மூன்று ஒயர் ரோப்பில் படுக்கைவாட்டில் தொங்கவிட்டேன். ரோப்புகளைப் பிணைத்த வட்டத்தின் ஆரம் 40 சென்டிமீட்டர். சக்கரத்தைக் கொஞ்சம் முறுக்கி விட்டால் முன்னும் பின்னுமாகத் திரும்பி ஆடும். அதே 2 மீட்டரில் ஒரு சாதாரண ஊசலைத் தொங்கவிட்டால் ஓர் அலைவுக்கு 2.84 வினாடி. சுழற்சி ஆரமும் ரோப் வட்டத்தின் ஆரமும் சமமாக இருந்தால் முறுக்காட்டத்துக்கும் அதே நேரம்தான் ஆகும்; நிறை உள்ளே ஒடுங்கியிருந்தால் நேரமும் அதே விகிதத்தில் ஒடுங்கும். சக்கரம் எத்தனை கிலோ என்பது கணக்கிலிருந்தே கழன்றுவிடுகிறது. 33 சென்டிமீட்டர் என்றால் 2.34 வினாடி வர வேண்டும். என் பழைய தாள் சரியாக இருந்திருந்தால் அதில் பாதி. பத்து அலைவுக்குக் கைக்கடிகாரத்தில் இருபத்து மூன்று வினாடிக்குச் சற்று மேல் ஆனது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரு மனிதனின் பிழைப்பில் கைவைத்துக் கற்ற பாடம் என்ற நினைப்பே அந்த நேரத்தில் வரவில்லை. அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். திண்பொருள் ஊசலாடுவது எப்படி என்ற கேள்வியை ஹைகன்ஸ் 1673-இல் வெளியிட்ட ஊசல் கடிகாரப் புத்தகத்தில் தீர்த்திருக்கிறார். நிறையையும் தூரத்தின் வர்க்கத்தையும் பெருக்கிக் கூட்டுவது அங்கேயே வந்துவிட்டது. அந்தத் தொகைக்குப் பெயர் வைத்து, திண்பொருள்களின் இயக்கத்துக்கே தனிநூல் எழுதியவர் ஆய்லர், 1765-இல். அவர்கள் தேடிக் கண்டடைந்ததை என் பாடப்புத்தகம் ஒரு பக்கப் பட்டியலாகக் கொடுத்தது. பட்டியல்மேல் குறை சொல்ல மாட்டேன். என்னோடு படித்தவர்களில் அதே பட்டியலிலிருந்து விஷயத்தைப் புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள்.

பிற்பாடு அதே கம்பெனியில் இளம் எஞ்சினியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை என்னிடம் வந்தது. ஜி.டி. ஸ்கொயரையும் புத்தக எண்ணையும் குழப்பிக்கொள்வதைப் பற்றி வருடாவருடம் சொல்வேன். ஹப்பின் நூற்றில் ஒரு பங்கைச் சொன்னால் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். "ஒரு எஞ்சினியர் இப்படிப் பண்ணி ரெண்டு மோட்டாரை எரிச்சுட்டார்" என்று கதை போகும். அந்த எஞ்சினியர் யார் என்று ஒரு பெண் ஒருமுறை கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒருத்தர் என்றேன். ரீவைண்டிங் கடைக்காரர் அந்தக் கதையில் வருவதே இல்லை.

போன வருடம் அவரைப் பார்க்கப் போனேன். கடை அதே தெருவில்தான் இருக்கிறது; மகன் பார்த்துக்கொள்கிறான், அவர் ஓரமாக உட்கார்ந்து ஸ்லாட்டுக்குப் பேப்பர் வெட்டிக் கொடுக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆரம், விட்டம், நான்கு மடங்கு என்று விளக்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு எதுக்குங்க? ரோட்டரைப் பாருங்கன்னு அன்னைக்கே சொன்னேனில்லீங்க."

செம்புக் காசைக் கொடுக்கிறேன் என்றேன். இன்றைய விலைக்கு என்றும் சொன்னேன். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, ஏனென்றால் அவர் மகனைக் கூப்பிட்டு எடை எவ்வளவு வரும் என்று கேட்டு, தொகையைச் சொன்னபோது எனக்குத் துணுக்கென்றது. கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "உங்க கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார். எங்க வேலையால அது எரியலைன்னு. அங்கிருந்து பையனுக்கு வேலை வந்தா நல்லாருக்கும். போய்க் கேட்டா, பழைய முதலாளி வேண்டாம்னு எழுதி வெச்சிருக்காருன்னு சொல்றாங்களாம்."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடிதம் என்றால் வோல்டேஜ் அறிக்கையைப் பற்றியும் எழுத வேண்டும். அதில் என் கையெழுத்து இருக்கிறது, 30 எச்.பி.க்குப் பணம் போட்ட பட்டறைக்காரரும் இருக்கிறார். 12.35, 49.4, பிழை என்னுடையது, அவருடைய வேலையில் குறை இல்லை என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். மேஜை டிராயரில் இருக்கிறது. கம்பெனியை இப்போது நடத்துவது பழைய முதலாளியின் மகன். ஆலோசகர் என்று எனக்கு அங்கிருந்து மாதாமாதம் பணம் வருகிறது.